எங்கள் பங்கின் மாதிரிப் பாவி

என் சகலை மாதிரி அழத் தெரிந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவன் முழங்கால் போட்டால், கோவில் வாசலில் சைக்கிள் பூட்டுகிறவனுக்கும் அந்த விம்மல் கேட்கும். வார்த்தை கேட்காது, விம்மல் மட்டும்தான். பின்னால் வரிசையில் நிற்கிற மற்றப் பாவிகள், இவனுக்கு முன்னால் நம் பாவமெல்லாம் ஒரு பாவமா என்று கூசிப்போய்ப் பாதியை முழுங்கிவிடுவார்கள். எங்கள் கோவிலின் பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார், "அழுதா அப்படி அழணும்" என்று. பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஊரே அவனை 'மனஸ்தாபம்' என்றுதான் கூப்பிட்டது; செய்த பாவத்துக்கு மனம் வருந்துவதற்குக் கோவிலில் அதுதான் பெயர்.

அந்தக் கோவிலுக்கு மைக் செட் போடுவது நான். அவன் கட்டியிருப்பது என் மனைவியின் அக்காவை, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவளை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஆகவே அவன் சனிக்கிழமை எதற்கு அழுகிறான் என்பது எனக்கு வெள்ளிக்கிழமையே தெரிந்துவிடும். லேத் பட்டறையில் வாரக் கடைசி வேலை முடித்து வருவான், குடித்திருக்க மாட்டான், அதைச் சொல்லியாக வேண்டும். தெளிவான புத்தியோடுதான் அடிப்பான். முதலில் பாத்திரம் விழும். அப்புறம் அண்ணி விழுவாள். சில வாரம் பெல்ட், சில வாரம் கதவு நிலை. கதவு நிலை என்றால், அவள் தலைமயிரைப் பிடித்து அதில் மோதுவது.

நான் ஒருமுறை போய்ச் சட்டையைப் பிடித்தேன். அவன் என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் வீடு திரும்பிய பிறகு அண்ணிக்குத்தான் என் பங்கும் சேர்த்து விழுந்தது. "நீ நல்லது செய்யாத தம்பி, தாங்க முடியல" என்றாள் மறுநாள்.

இந்த ஏற்பாட்டில் சனிக்கிழமை கழுவல், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, நற்கருணை. திங்கள் முதல் வியாழன் வரை அவன் சாதுதான். பாவம் கழுவப்பட்ட மனிதன் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருப்பான். வெள்ளிக்கிழமை மறுபடி அழுக்காகிவிடும். சட்டையைத் துவைப்பது மாதிரிதான், என்ன, சட்டையை அடித்துத் துவைப்பார்கள். இங்கே அடி வேறொரு இடத்தில் விழுந்தது.

முன்னொரு வருஷம் அண்ணி வயிற்றில் பிள்ளை இருந்தது. ஆறு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை உதையில் அது போய்விட்டது. அதையும் அவன் போய்ச் சொன்னான், அன்றைக்குத்தான் அந்தத் தொட்டியின் மரத்தட்டி ஆடிப்போகும்படி அழுதானாம். சாமியார் விதித்த அபராதம் ஒரு முழுச் செபமாலை, அவனே வெளியே வந்து சொன்னது. வழக்கமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' மட்டும்தான். ஆகவே பங்குச் சாமியார் அந்த விஷயத்தை லேசாக எடுத்துக்கொண்டார் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இவ்வளவுக்கும் கதை இங்கே ஆரம்பிக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை பிறந்ததும்தான் ஆரம்பித்தது. முதல் பிள்ளை. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத்தாயாக அக்காதான் நிற்க வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக இருந்தாள். அண்ணி அதைக் கேட்டதும், தான் வேலை பார்க்கிற கோழிக்கடையில் கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "என் கையில குடுப்பாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரு பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும்.

"ஞானத்தாய் ஆகணும்னா பாவசங்கீர்த்தனம் செஞ்சிருக்கணும்" என்றார் கோவிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். சரி என்று அண்ணி போனாள். தொட்டியில் நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு சாமியாருக்குத்தானே தவிர, போனவளுக்கு இல்லை. அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சமீபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் அவள் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறான். கண் இருட்டிக்கொண்டு வரும்போது கைக்கு இரும்பு வாணலி அகப்பட்டிருக்கிறது. ஓங்கி மண்டையில் ஒன்று. அவன் சுருண்டு விழ, அவள் மூச்சு திரும்பியதும் நின்று யோசித்து, இன்னொன்றும் வைத்திருக்கிறாள். இதைத்தான் போய்ச் சொன்னாள்.

"என் வீட்டுக்காரரை வாணலியால அடிச்சேன் சாமி."

"அதுக்காக மனஸ்தாபப்படுறியாம்மா?"

"இல்ல சாமி."

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் திடுக்கிட்டு நிமிர்ந்தாராம். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்ததில்லை.

"மனஸ்தாபம் இல்லாம மன்னிப்புக் குடுக்க முடியாதும்மா. இனிமே செய்யமாட்டேன்னு உறுதியாவது சொல்லு."

"பொய் சொன்னா அது வேற பாவமாச்சே சாமி. மறுபடி கழுத்தப் பிடிச்சா மறுபடி அடிப்பேன்."

"உன் புருஷனைப் பாரும்மா. எவ்வளவு விழுந்தாலும் எழுந்திருச்சு வர்றான். விழுந்து எழுந்திருக்கிறவனைத்தான் ஆண்டவருக்குப் பிடிக்கும்."

"விழுறது நான் சாமி. அவரு எங்க விழுந்தாரு?"

"அவர் சொன்னதைப் பத்தி நான் பேசக்கூடாது. அது ரகசியம்."

"ரகசியமா? அடி வாங்குனது நான்தான சாமி!"

சாமியார் தட்டியை மூடிவிட்டார். பாவமன்னிப்பு இல்லை. ஞானத்தாயாக வேறு ஆளைப் பாருங்கள் என்று எங்களுக்குச் சொல்லியனுப்பினார். என் மனைவி கைப்பிள்ளையோடு சாமியாரின் அறைவாசலில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா இல்லைன்னா ஞானஸ்நானமே இல்ல" என்றாள். பிள்ளை வேறு கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கத்தலைத் தாங்க முடியாமல்தான் சாமியார் ஒரு வழி சொன்னார். உபதேசியாரிடம் அனுப்பி அண்ணிக்கு மனஸ்தாபம் வரவழைக்க வேண்டும். வந்தால் மன்னிப்பு. மன்னிப்பு வந்தால் பிள்ளை.

உபதேசியார் மறைக்கல்வி அறையில் அண்ணியைச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்காரவைத்தார். முட்டி இடித்தது. நல்ல மனுஷர், தெரியாததே கிடையாது.

"ஒரு பாவம் நரகத்துக்குக் கொண்டுபோற சாவான பாவமாகணும்னா மூணு வேணும். கனமான காரியமா இருக்கணும். தெரிஞ்சு செஞ்சிருக்கணும். முழு சம்மதத்தோட செஞ்சிருக்கணும். நீ தூக்கக் கலக்கத்துல அடிச்சியா?"

"நல்லா முழிச்சிருந்தேன் ஐயா."

"யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"கழுத்த நெரிச்சாரு."

உபதேசியார் யோசித்தார். "அப்போ அது தற்காப்பு. தற்காப்பு பாவமே இல்லைன்னு திருச்சபை சொல்லுது."

அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ நான் ஞானத்தாயா நிக்கலாமா ஐயா?"

"எப்படி முடியும்? பாவசங்கீர்த்தனம் செஞ்சு மன்னிப்பு வாங்கினவங்கதான் நிக்கலாம். பாவமே இல்லாததுக்கு எப்படி மன்னிப்புக் குடுப்பாங்க?"

"அப்போ அது பாவம்னே வச்சுக்குங்க ஐயா."

"பாவம்னா மனஸ்தாபம் வேணுமே. உனக்குத்தான் இல்லையே."

அண்ணி இதை என்னிடம் நாலு தடவை சொல்லிக் காட்டினாள், எங்கேயோ ஒரு படியைத் தாண்டிவிட்டோமோ என்று. தாண்டவில்லை. நானும் எண்ணிப் பார்த்துவிட்டேன், எல்லாப் படியும் சரியாகத்தான் இருந்தது. வாசல்தான் இல்லை.

இரண்டாவது அடியை வைத்துச் சமாளிக்கலாம் என்று உபதேசியாருக்கு அப்புறம் தோன்றியது. முதல் அடி தற்காப்பு, இரண்டாவது கோபம். ஆக இரண்டாவது அடிக்கு மட்டும் வருத்தப்பட்டால் போதும். "நரகத்தை நினைச்சுப் பாரு. கத்தல், அடி, ஓட வழியில்லாத இடம். பயம் வரும். அந்தப் பயத்துல ஒரு மனஸ்தாபம் வரும்."

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள் அண்ணி. "வீடு மாதிரிதான் இருக்கு ஐயா."

இதற்கு மேல் தன்னால் ஆகாது என்று தெரிந்துபோனதும் உபதேசியார் பெரிய யோசனை ஒன்றைக் கொண்டுவந்தார். பங்கில் எல்லோருக்குமே மனஸ்தாபம் குறைந்துவிட்டது, இவளுக்கு மட்டுமில்லை. ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினால் என்ன? மேற்றிராணியார் (பிஷப்) இல்லத்திலிருந்து பாவ விஷயங்களில் கரைகண்ட பெரியவர் ஒருவரை வரவழைப்பது. அவர் முன்னால் மனஸ்தாபம் என்றால் என்ன என்பதை ஒருவர் செய்து காட்டுவது. யார் செய்து காட்டுவது என்பதில் இரண்டு கருத்தே எழவில்லை.

"என் புருஷன்கிட்டயா நான் படிக்கணும்?" என்றாள் அண்ணி.

"அவரை விட்டா யார் இருக்கா?" என்றார் உபதேசியார். நிஜமாகவே கேட்டார்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. வாணலி அடிக்குப் பிறகு என் சகலை அண்ணியைத் தொடவில்லை. மண்டையில் தையல், கொஞ்சம் பயம். ஆக இரண்டு சனிக்கிழமையாகத் தொட்டியில் அழுகை சுரத்தாக இல்லை. கெட்ட வார்த்தை பேசினேன், பூசையில் கொட்டாவி விட்டேன் என்று ஏதோ சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்ததாக அவனே சொன்னான். உபதேசியார் கவலைப்பட்டார். நான் ஹாலில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது என் காதுபடத்தான் அவனிடம் சொன்னார்:

"பெரியவர் வர்றார்ப்பா. பங்கோட மானம் உன் கையில இருக்கு. உள்ளேர்ந்து வரணும். உள்ள ஏதாவது இருந்தாதான வரும்? நான் பாவம் செய்யுன்னு சொல்லல. அப்படி நான் சொல்லவே கூடாது. தயாரா இருன்னு சொல்றேன்."

நான் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு, "யோவ், என்னய்யா பேசுற?" என்று கத்தினேன். "மைக்கை மட்டும் பாரு தம்பி" என்றார் உபதேசியார்.

சகலை தயாரானான். வகுப்புக்கு முந்தின சாயங்காலம், இருட்டுவதற்கு முன்னாலேயே. இந்த முறை வாணலியை முதலிலேயே எடுத்து வெளியே எறிந்துவிட்டுக் கதவைத் தாழ்போட்டான். நானும் என் மனைவியும் கதவை உடைக்க முயன்றுகொண்டிருக்க, உள்ளே அடி விழுந்துகொண்டிருந்தது. தாழ் பெயர்ந்து நாங்கள் உள்ளே விழுந்தபோது அண்ணி சுவரோரம் கிடந்தாள். முன்பல் ஒன்று தரையில். இடது கண் இல்லாத மாதிரி வீங்கியிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டாள். அவன் மூலையில் குந்தி உட்கார்ந்து அதற்குள்ளேயே அழ ஆரம்பித்திருந்தான். "வேண்டாம்டா, நாளைக்கு வை" என்றேன் நான். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவன் விலாவில் நானும் இரண்டு உதைத்தேன். அதில் எனக்கு எந்த மனஸ்தாபமும் இல்லை, யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு, இனி அந்த வீட்டுக்குப் போக வேண்டாம், எங்கள் வீட்டில் இரு என்று என் மனைவி சொன்னாள். சரி என்றாள் அண்ணி. ஆனால் வகுப்புக்குப் போயே தீருவேன் என்றாள். "வரலைன்னா பிள்ளையக் குடுக்க மாட்டாங்க."

ஹால் நிரம்பியிருந்தது. அண்ணி முதல் வரிசையில், வீங்கின கண்ணோடு. பக்கத்தில் என் மனைவி, மடியில் பிள்ளை. எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வீட்டுச் சமாச்சாரம் என்று மேடையைப் பார்த்தார்கள். பெரியவர் வந்து உட்கார்ந்தார். சிவந்த, சுத்தமான மனிதர். எடுத்த எடுப்பிலேயே சொன்னார்:

"அன்பானவர்களே, திருச்சபை பாவத்தை வெறுக்கிறது, பாவியை நேசிக்கிறது. பாவியை நாங்கள் நேசிக்கிற அளவுக்கு உலகத்தில் வேறு யாரையும் நேசிப்பதில்லை என்று தைரியமாகச் சொல்வேன். பாவி இல்லையென்றால் நாங்கள் யாருக்காக உட்கார்ந்திருக்கிறோம்?"

கைதட்டினார்கள். பெரியவர் முதல் வரிசையை ஒருமுறை பார்த்தார். அண்ணி அந்தப் பட்டியலில் வரவில்லை போலும், பார்வை நிற்காமல் நகர்ந்தது.

பிறகு என் சகலை எழுந்து மைக்குக்கு முன்னால் வந்தான். வெள்ளைச் சட்டை. முதல் வாக்கியத்திலேயே தொண்டை உடைந்தது. நேற்று என் மனைவியை அடித்தேன் என்றான். என் மிருக குணம் என்றான். மார்பில் அடித்துக்கொண்டபோது ஸ்பீக்கர் அதிர்ந்தது, நான் சத்தத்தைக் குறைத்தேன். முன் வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பெரியவர் தலையாட்டி, "பார்த்தீர்களா, இது பயத்தில் வருகிற மனஸ்தாபம் இல்லை. அன்பில் வருவது. உத்தம மனஸ்தாபம்" என்று விளக்கம் சொன்னார்.

அந்தப் பாராட்டில் அவன் இன்னும் ஒரு படி மேலே போனான். "அது மட்டுமில்ல சாமி. என் பிள்ளையக் கொன்னவன் நான். வயித்துல இருந்த பிள்ளைய இந்தக் கால்தான் உதைச்சுது" என்று சொல்லிக் காலைக் காட்டி, மைக் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினான். ஹாலே கதறியது. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அண்ணி எழுந்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

"அது ஆணா பொண்ணா?" என்று கேட்டாள்.

அழுகை நின்றது. தெரு ஓரத்துக் குழாயைத் திருகி மூடின மாதிரி. அவன் உபதேசியாரைப் பார்த்தான். உபதேசியார் சாமியாரைப் பார்த்தார்.

"சொல்லு. கொன்னேன்னு அழுறியே. ஆணா பொண்ணா?"

"பையன்" என்றான் அவன், பாதிக் கேள்வியாக.

"பொண்ணு. அன்னிக்கு நர்ஸம்மா துணியில சுத்திக் கையில குடுத்தப்ப நீ பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்த."

பெரியவர் கையை உயர்த்தி நிலைமையைச் சரிசெய்தார். "அம்மா, உணர்ச்சிவசப்பட வேண்டாம். பாவத்தை அறிக்கையிடும்போது அதன் இனமும் எண்ணிக்கையும் சொன்னால் போதும். ஒரு உயிர், ஒரு முறை. ஆணா பெண்ணா என்பது பாவசங்கீர்த்தனம் செல்லுபடியாவதற்கு அவசியமில்லை."

என் மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு வார்ப்பிரும்பு. காற்றில் விழக்கூடாது என்று நானே தேடி வாங்கியது. அண்ணி மேடையேறி அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள், தலைகீழாகத் திருப்பினாள். தினமும் எலும்பு வெட்டுகிற கை. முதல் அடி அவன் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் ஸ்பீக்கர் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. இரண்டாவது அதே கையின் முட்டியில். மூன்றாவது, தரையில் கிடந்தவன் காட்டின அந்தக் காலில். அவன் போட்ட சத்தம் அழுகையே இல்லை, வேறு ஏதோ, நாங்கள் அத்தனை சனிக்கிழமையிலும் கேட்காத ஒன்று. வெள்ளைச் சட்டை சிவந்துபோனது. தடுக்கப் போன உபதேசியார் பாதி வழியில் யோசித்து நின்றுவிட்டார்.

அண்ணி அப்படியே பெரியவர் முன்னால் முழங்கால் போட்டாள். ஸ்டாண்டு இன்னும் கையில்தான் இருந்தது.

"பாவசங்கீர்த்தனம் சாமி. கனமான காரியம், ஆமா. தெரிஞ்சுதான் செஞ்சேன். முழு சம்மதம்."

பெரியவர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். கரைகண்டவர் அல்லவா, ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். "இது பாவமே இல்லையம்மா! முழுக்கத் தற்காப்பு. திருச்சபையின் போதனை இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. உன் ஆத்துமம் சுத்தமாக இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் தேவையே இல்லை. நீ எந்தத் திருச்சடங்குக்கும் போகலாம்."

"ஞானத்தாயா நிக்கலாமா?"

"தாராளமாக."

"அவரு கீழ கிடக்கும்போதுதான் சாமி மூணாவது அடிச்சேன்."

"அதுவும் தற்காப்புதான்" என்றார் பெரியவர், ஸ்டாண்டைப் பார்த்தபடி.

"இல்ல சாமி, பாவம் இருக்கு. மனஸ்தாபமும் இருக்கு" என்றாள் அண்ணி. அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். சத்தமே இல்லை. வீங்காத கண்ணிலிருந்து மட்டும் வழிந்தது. "அவ வயித்துல இருக்கும்போதே இதைச் செய்யாம இருந்துட்டேன் சாமி. அதுக்கு மன்னிப்பு உண்டா?"

பெரியவர் பங்குச் சாமியாரைப் பார்த்தார். ஹாலில் ஒருவரும் மூக்கைச் சிந்தவில்லை. அண்ணி ஸ்டாண்டை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பங்குச் சாமியார் மறு பேச்சுப் பேசவில்லை. அண்ணி எங்கள் பெண் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றாள், விலாக் கட்டு இறுக்கியது, யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டாள். கோவிலின் கடைசித் தூணில் என் சகலை, கையும் காலும் மாவுக்கட்டில், சக்கர நாற்காலியில் வந்திருந்தான். அவனைத் தள்ளிக்கொண்டு வந்தவர் உபதேசியார். அவன் விம்ம ஆரம்பித்தான். நன்றாகவே விம்மினான். யாரும் திரும்பவில்லை.

சாமியார் புத்தகத்தைப் பிரித்து, ஞானத்தாயிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டார்.

"பசாசை விட்டுவிடுகிறாயா?"

எல்லோரும் அந்த இடத்தில் முணுமுணுப்பதுதான் வழக்கம். அண்ணி திரும்பி, கடைசித் தூணை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு சாமியாரைப் பார்த்து, "விட்டுவிடுகிறேன்" என்றாள்.

நான் மைக்கைப் போடவே இல்லை. அப்படியும் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.